நூத்திப்பதினேழு விழவில்லை

என் மாமாவின் கல்யாணத்தை நடத்திவைத்தது நான்தான் என்று பத்து வயதிலிருந்து வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காகப் பன்னிரண்டு நாள், தினம் ஒன்றாகப் பன்னிரண்டு பொய் சொன்னேன். எதுவும் சின்னப் பொய் இல்லை. ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது பேர் சைக்கிளில் போனார்கள், மலை ஏறினார்கள், சில நாட்கள் மழையும் பெய்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவுக்குப் பத்தொன்பது வயதும் அவருக்கு எட்டு வயதும் ஆகும்போது பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பெண் பார்க்க வந்த அப்பாவிடம், "எங்கூட என் தம்பியும் வருவான், சரின்னா சொல்லுங்க" என்று அம்மா நேராகவே சொல்லிவிட்டாளாம். அப்பாவும் கொஞ்சம் யோசித்து, "சைக்கிள் ஓட்டத் தெரியுமா? கடைக்குப் போய்வர ஆள் வேணும்" என்றாராம். அப்படி வந்து சேர்ந்தவர், செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு மாடி அறையில் முப்பத்து மூன்று வயதுவரை இருந்தார். மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அவரை இரண்டாவது ஷிப்டில் போட்டுவிட்டார்கள். மதியம் கம்பெனி பஸ் ஏறினால் அவர் திரும்பி வரும்போது நான் தூங்கியிருப்பேன். அதற்குப் பதிலாகக் காலை நேரம் முழுவதும் அவருடையதாக இருந்தது. என்னைச் சேலையூரில் இருந்த பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விடுவது அந்தக் காலை நேரத்தின் முக்கிய வேலை.

அந்தச் சைக்கிள் எங்கள் தெருவில் பிரசித்தம். இருபத்தொரு கியர், விரல் தடிமனில் டயர், காற்றில் தூக்கிப் பிடிக்கக்கூடிய எடை. அதன் பின்னால் நான் உட்காரப் பழைய பால்காரர் சைக்கிளில் இருப்பதுபோல ஓர் இரும்புக் கேரியர். அதை மாட்டித் தரச் சொன்னபோது கேம்ப் ரோடு சைக்கிள் கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ரேஸ் குதுரைய வாங்கிட்டு வந்து உப்பு மூட்ட ஏத்தச் சொல்றியேப்பா" என்றாராம். மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உப்பு மூட்டையான எனக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பு மாமாவுக்கு ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, கேட்கவும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்த ஜூலையில் மாமா பத்து நாள் லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தார். அப்போது அகப்பட்டதுதான் பிரான்ஸ் நாட்டைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயம். ஒரு வீரர் சரளைக்கல்லில் விழுந்து, சட்டை கிழிந்து, முழங்கையில் ரத்தம் வழிய எழுந்து, எல்லோரும் வந்து அரை மணி கழித்துக் கடைசி ஆளாகக் கோட்டைத் தொட்டார். மாமா எழுந்து நின்று கை தட்டினார். பத்து நாளாகப் பேசாமல் இருந்த தம்பி கை தட்டும் சத்தம் கேட்டு அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அந்த வீரரின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. முதுகில் குத்தியிருந்த எண் நூற்றுப் பதினேழு. அதனால் வீட்டில் அவர் நூத்திப்பதினேழு ஆனார். அடுத்தடுத்த வருடங்களில் அவருக்கு வேறு வேறு எண் கொடுத்தார்கள், நாங்கள் கொடுத்த பெயரை மாற்றவில்லை. அவர் ஜெயிக்கிற ஆள் இல்லை. அந்தப் பந்தயத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர் உண்டு, மற்றவர்கள் அவருக்காக உழைக்கிறவர்கள். நூத்திப்பதினேழின் வேலை பின்னால் வரும் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களை வாங்கி முதுகில் செருகிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பது. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவர் கடைசி நாள்வரை ஓட்டியதில்லை. விழுவார், காய்ச்சல் வரும், வயிறு கெடும், பாதியில் வீட்டுக்குப் போவார். அவர் பாதியில் போகப் போக மாமாவுக்கு அவர்மேல் பாசம் கூடிக்கொண்டே போனது.

ஷிப்ட் மாறிய அந்த வருடம் மாமா என்னை நிருபராக நியமித்தார். பள்ளிவிட்டு வந்ததும் நான் டிவியில் பந்தயத்தைப் பார்க்க வேண்டும், மறுநாள் காலை, பள்ளி இல்லாத நாளிலும், கேரியரில் உட்கார்ந்தபடி சொல்ல வேண்டும். கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெளியே வந்த பிறகும் என் வாயால் கேட்கும்வரை போனில் முடிவைப் பார்ப்பதில்லை என்று மாமா எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் அதற்கேற்ப ஓட்டுவார். "மலை ஏறுறாங்க மாமா" என்றால் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்பார், மூச்சு வாங்குவார். "நூத்திப்பதினேழு முன்னாடி போறாரு" என்றால் போச்சு, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் இருந்து கேம்ப் ரோடுவரை ஷேர் ஆட்டோக்களைத் துரத்துவார். "போடா ராஜா, உடாத" என்று அவர் கத்துவதைக் கேட்டுப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, உலகத்திலேயே முக்கியமான ஆள் நான்தான் என்று தோன்றும்.

இப்படி இருக்கும்போதுதான் அம்மா பம்மலில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. பேச்சு, சிரிப்பு, நடை எல்லாம் அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஆவணியில் பெண் பார்க்க வருகிறோமா இல்லையா என்று ஆடி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். மூன்று வருடமாக எந்த வரனைச் சொன்னாலும் மாமா எழுந்து மாடிக்குப் போய்விடுவார். அன்றைக்குப் போகாமல் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சரிக்கா. நூத்திப்பதினேழு இந்த வாட்டி கடைசி நாள் வரைக்கும் ஓட்டி முடிக்கட்டும். நானும் வந்து பொண்ணப் பாக்கறேன்."

"இதான்டா வேணும் எனக்கு. வார்த்த மாறக் கூடாது" என்றாள் அம்மா.

நூத்திப்பதினேழு ஒருமுறையும் ஓட்டி முடித்ததில்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். தன் வீரர்மேல் உயிரையே வைத்திருந்த மனிதர், அவர் தோற்றுப்போவார் என்ற நம்பிக்கையில் தப்பித்துக்கொள்ளப் பார்த்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பாத்துடலாம்" என்றாள்.

அதுவரை அந்தப் பந்தயத்தை அம்மா, "எல்லாரும் உள்டிராயரோட போய்க்கினு கீறானுங்க" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்திருந்தாள். ஏழரை மணி சீரியலுக்காக என்னிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்குகிறவள், பந்தயம் தொடங்கிய நாளிலிருந்து சீரியலையே விட்டுவிட்டாள். வெங்காயம் உரித்தபடி, கீரை ஆய்ந்தபடி தினமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பந்தயத்துக்கு உலகம் முழுவதும் கோடிக்கணக்கான ரசிகர்கள் இருப்பார்கள். தன் ஆள் வேகமாகப் போகக் கூடாது என்று கத்திய ஒரே ரசிகை என் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். "மெதுவா போய்யா, யாரு உன்ன தொரத்துறா?" "ஓரமா வாய்யா, இடிச்சிடப் போறானுங்க." மலை இறக்கத்தில் எல்லோரும் காற்றாய்ப் பறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். யார் ஜெயித்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கோட்டைத் தாண்டி அவர் காலை ஊன்றி நிற்பதைப் பார்த்த பிறகுதான் குக்கர் வைக்கப் போவாள். அப்பா செய்தித்தாளை இறக்கி, "இவங்களுக்கெல்லாம் மோட்டார் வண்டி வாங்கிக் குடுக்க யாருமில்லையா?" என்று கேட்டால், அவருக்குப் பதில் சொல்ல எங்களுக்கு நேரம் இருக்காது.

முதல் வாரத்தை நூத்திப்பதினேழு விழாமல் கடந்ததும் அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு தெருமுனை அம்மன் கோயிலுக்கு அர்ச்சனை செய்யப் போனாள். பூசாரி பெயர் கேட்டார். நான் தெரிந்தவரை சொன்னேன். அவர் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"பேரு வுடுங்க. நட்சத்திரம் பூசம், கடக ராசி. நல்லபடியா போய் சேரணும்னு வேண்டிக்கோங்க" என்றாள் அம்மா. நூத்திப்பதினேழின் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? மாமாவின் நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டாள்.

"எங்க கீறாரும்மா?"

"பிரான்சுல. சைக்கிள் ஓட்றாரு."

பூசாரி பரிதாபமாகத் தலையை ஆட்டி, "அங்க போயும் டெலிவரி வேலதானா" என்றபடி உள்ளே போனார். நூத்திப்பதினேழு போய்ச் சேர்ந்துவிட்டால் ஆடி கடைசி ஞாயிறு கூழ் ஊற்றுவதாகவும் அம்மா வேண்டிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை நூத்திப்பதினேழு விழுந்தார். மலைகூட இல்லை, சமதரை. மழைத் தூறல். காருக்குப் போய் ஆறேழு பாட்டில்களை முதுகில் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பிடிக்க வேகமாக வந்துகொண்டிருந்தார். ஒரு ரவுண்டானா திருப்பத்தில் முன்னால் போனவரின் சக்கரம் வழுக்கியது, பத்துப் பதினைந்து பேர் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். பாட்டில்கள் ரோடு முழுக்க உருண்டன. மற்றவர்கள் எழுந்து எழுந்து ஏறிப் போனார்கள். அவர் மட்டும் நடைபாதை ஓரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏந்துருய்யா" என்றாள் அம்மா. முதலில் மெதுவாகச் சொன்னாள், பிறகு சத்தமாக. "அன்னிக்கு ஏந்திரிச்ச இல்ல, ஏந்துருய்யா." ஆம்புலன்ஸ் வந்தது. கதவு சாத்துவதுவரை காட்டினார்கள். அம்மா டிவியை அணைத்துவிட்டு, "அந்தத் தலைவனுக்குக் கை இல்லையா? அவனே போய்த் தண்ணி எடுத்துக்கினு வந்தா இன்னாவாம்?" என்று எரிந்து விழுந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நான் அழுதது நூத்திப்பதினேழுக்காக. அம்மாவும் அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "பாப்பா, மாமாகிட்ட அவரு விழவே இல்லன்னு சொல்லிடு."

"விழுந்து ஏந்திரிச்சிட்டாருன்னு சொல்லட்டுமா?"

"வேணாம். அடி பட்டுச்சான்னு கேப்பான், எங்க பட்டுச்சின்னு கேப்பான். விழவே இல்ல. அவ்ளோதான்." பொய்யில் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை மாமாவின் கண்கள் சிவந்திருந்தன. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஏரிக்கரை தாண்டிய பிறகுதான், "இன்னா பாப்பா, ரிப்போர்ட்டு?" என்றார்.

"நேத்து மழை மாமா. ஒரு வளைவுல நெறைய பேரு விழுந்துட்டாங்க. நூத்திப்பதினேழு விழல."

சைக்கிள் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றி என்னைத் திரும்பிப் பார்த்தார். "விழலையா?"

"விழல. ஓரமா பூந்து போயிட்டாரு."

"நீ பாத்தியா?"

"நானும் பாத்தேன், அம்மாவும் பாத்தாங்க."

"அக்காவும் பாத்துச்சா?"

"பாத்தாங்க மாமா."

அவர் என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். பிறகு முன்னால் திரும்பி மெதுவாக மிதிக்கத் தொடங்கினார். கேம்ப் ரோடு வந்த பிறகு, "சரி சரி, பொழச்சான்" என்றார். அன்று மாலை அம்மாவிடம் நான் இதைச் சொன்னபோது அவள் என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

மறுநாளே ஒரு கண்டம் வந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோது மாமாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டும் நண்பர் ஒருவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, "இன்னா மச்சான், நம்மாளு இப்டி பண்ணிட்டாரே. எனக்கு சோறே எறங்கல" என்றார். தொலைந்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமா ஒன்றும் நடக்காததுபோல, "உடு மச்சான், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பச்சை விழுந்ததும் கிளம்பிவிட்டார். கொஞ்ச தூரம் போய், "எங்க கம்பெனி சூப்பர்வைசர சொல்றான் பாப்பா, வேலைய வுட்டுட்டாரு" என்றார். அம்மனே வந்து காப்பாற்றினாள் என்று நினைத்தேன். அந்த நண்பருக்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர் பல்லாவரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

வீட்டிலும் பாதுகாப்பு பலமாக இருந்தது. காலையில் பேப்பர் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தை அம்மா உருவிவிடுவாள். எங்கள் பேப்பர் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி என்றைக்கும் எழுதியதில்லை, ஆனாலும் அம்மா நம்பவில்லை. பக்கம் எங்கே என்று அப்பா கேட்டால், "எண்ணெய் வடிய வச்சிருக்கேன்" என்பாள். அதற்காகவே தினமும் ஏதாவது ஒன்றைப் பொரிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் நடந்த வடை, பஜ்ஜிக்கு அளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு லீவு ஆயிற்றே, அவர் டிவி போடுவாரே என்றுதான் எங்களுக்குப் பெரிய பயம். சனிக்கிழமையே அம்மா கேபிள் ஒயரைப் பிடுங்கிவிடத் தயாராக ஸ்டூல் எடுத்துப் போட்டாள். அதற்குள் மாமாவே, "இந்த வாரமும் அடுத்த வாரமும் சண்டே வேல கீதுக்கா, ஆர்டர் நெறைய வந்துட்டுது" என்றார். அம்மா ஸ்டூல்மேல் நின்றபடியே ஒட்டடை அடித்தாள்.

என் பொய்கள் நாளுக்கு நாள் கொழுத்தன. முதலில் டிவியில் யாராவது ஒருவர் செய்ததை நூத்திப்பதினேழு செய்ததாகச் சொல்லிவந்தேன். பிறகு அது போதவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே மலை உச்சியை முதலில் தொட்டார். தலைவரின் சைக்கிள் பஞ்சர் ஆனபோது தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வழியில் ஒரு கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வந்தார். மாமா எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று மிதித்தார், கத்தினார், "இன்னா மனுசன்டா" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை மாலை டிவியைப் போட்டால் பந்தயத்தைக் காணோம், பழைய கபடி ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கேபிள்காரர் ஏதோ செய்துவிட்டார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் மாமா போனைத் திறந்துவிடுவாரோ என்ற பயத்தில் ஒரு முழு நாள் பந்தயத்தையும் நானே கட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை சொன்னேன்.

"நேத்தா? திங்கக்கெழமையா?" என்றார் மாமா.

"ஆமா மாமா. நேத்துதான் இருக்கறதுலயே கஷ்டமான நாளு. நடுவுல ரயில்வே கேட் போட்டுட்டாங்க."

"கேட்டு போட்டாங்களா?"

"ரெண்டு ரயில் போச்சு மாமா. நூத்திப்பதினேழு மட்டும் குனிஞ்சு சைக்கிளைத் தூக்கிக்கினு போயிட்டாரு. நாலாவது வந்தாரு."

முன்னால் மாமாவின் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்தேன். "அப்பால? ரயிலு போனப்புறம் சொல்லு" என்றார் திணறிய குரலில். அன்று அவர் ஓட்டிய ஓட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். ஒரு தண்ணி லாரி, இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு பள்ளி வேன் எல்லாவற்றையும் தாண்டி, பிள்ளைகள் ஜன்னலில் கைதட்ட, வாயிலேயே மணி அடித்துக்கொண்டு போனார்.

அந்தப் பந்தயத்தில் மூன்று வாரத்தில் இரண்டு திங்கட்கிழமை ஓய்வு நாள். முதல் ஓய்வு நாளன்று எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து மின்சாரமே இல்லாததால் எனக்கு அது தெரியாமல் போயிற்று. கல்லூரி போகும் வயதில் ஒரு ஜூலையில் டிவி பார்க்கும்போது யாரோ ஓய்வு நாள் என்று சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓய்வு நாளில் எந்த ஓட்டலில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதுவரை படிக்கிறவர் மாமா. அவருக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கிறது. புதன்கிழமை ஷிப்ட் முடிந்து போனை வாங்கிய கையோடு கண்ணாடிக் கடை நண்பர் அழைத்துச் சொல்லிவிட்டார். அந்த இரண்டு ஞாயிறும் கம்பெனிக்கு விடுமுறைதான். பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. மூன்று வருடமாக வேண்டாம் என்று சொன்னவருக்கு, வேண்டும் என்று மாற்றிச் சொல்ல ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கலாம். அக்காவும் அக்கா மகளும் தன்னைக் கரைசேர்க்க இவ்வளவு கஷ்டப்படுவதைப் பார்த்து இளகியும் இருக்கலாம். அந்தப் பம்மல் பெண்தான் இன்று என் அத்தை. கல்யாணம் முடிந்ததும் அம்மா, அர்ச்சனையை அம்மன் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் சரியான ஆளுக்குப் போட்டாள், பெயரைப் பார்க்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கடைசி நாள் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் நகரத்தில் முடிந்தது. அம்மா என்னை உட்காரவைத்து மூன்று முறை ஒப்பிக்கச் சொன்னாள். நூத்திப்பதினேழுக்குத் தொண்ணூற்று நாலாவது இடம் கொடுப்பதென்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். மாமாவுக்குச் சந்தேகம் வராது, அவருக்கும் ஒரு மரியாதை.

திங்கட்கிழமை காலை மாமா வேகமாக ஓட்டவே இல்லை. நான் சொல்லி முடித்தபோது கேம்ப் ரோடு தாண்டியிருந்தோம். அவர் இறங்கி, நான் கேரியரில் உட்கார்ந்திருக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

"அப்ப போய் சேந்துட்டான்."

"சேந்துட்டாரு மாமா."

"கையி காலெல்லாம் நல்லா கீதா?"

"நல்லா கீது."

கொஞ்ச தூரம் நடந்தார். "கோட்டாண்ட அவனுக்கோசரம் யாராவது நின்னுகினு இருந்தாங்களா பாப்பா?"

இதை நாங்கள் ஒப்பித்துப் பார்க்கவில்லை. ஜெயித்தவருக்கு மனைவியும் குழந்தையும் ஓடி வந்ததை டிவியில் பார்த்திருந்தேன். நூத்திப்பதினேழுக்கு மனைவி உண்டா என்று எனக்குத் தெரியாது. தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவங்க அக்கா நின்னுகினு இருந்தாங்க மாமா. அழுதுகினு இருந்தாங்க."

"எதுக்கு அழுவணும்? அதான் வந்து சேந்துட்டானே."

"வந்து சேந்துட்டாருன்னுதான்."

மாமா நின்றுவிட்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடி முகத்தைத் துடைத்தார். ஓட்டாமல் நடந்து வந்ததற்கு இவ்வளவு வியர்வையா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி வாசலில் என்னை இறக்கிவிட்டு, "சாயங்காலம் போனதும் அக்காகிட்ட சொல்லிடு. ஆவணில பொண்ணு பாக்கப் போலாம்னு" என்றார்.

"நீயே சொல்லேன் மாமா."

"நீதான் ரிப்போர்ட்டரு. நீ சொன்னாதான் நம்பும்."

நான் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல் இருந்தது. பிரேயர் வரிசையில் நின்றதும் பக்கத்தில் இருந்தவளின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு நாள், ஒருமுறைகூடக் கண்டுபிடிக்கவில்லை என்றேன். எங்கள் மாமாவைப்போல ஓர் ஏமாளியை நீ பார்த்திருக்கவே மாட்டாய், பாவம், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறார் என்றேன்.